மொபைல் சொன்னதும் நான் படித்ததும்

அந்த விளையாட்டில் எங்களுக்கு எதிரி யார் என்பது இன்றுவரை எனக்குச் சரியாகப் புரியவில்லை. தாயம் ஆடினால் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். கேரம் ஆடினாலும் அப்படித்தான். இதில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி எங்கே என்று தேடினால், டம்ளர்மேல் சாய்த்து வைத்திருந்த என் மொபைல்தான் உட்கார்ந்திருந்தது. அதுவே அரக்கனை அனுப்பும், அதுவே நாம் அடிபட்டால் வருத்தப்படும், வழியும் அதுவே சொல்லும். இப்படி இரண்டு பக்கமும் பேசுகிற ஓர் ஆளை நிஜத்தில் பார்த்திருந்தால் வீட்டுப் படியேற விட்டிருக்க மாட்டேன்.

இந்த விளையாட்டுப் பெட்டியை அனுப்பியவள் பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள். அவள் அனுப்பிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவர். ஒரு வியாழக்கிழமை காலை ஷிஃப்டில் மிஷின் முன்னால் நின்றபடியே வேர்த்துக் கொட்டி, கீழே உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்கிறவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நானும் அதே எஸ்டேட்டில், இரண்டு தெரு தள்ளி வேறொரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். கையில் மாட்டிய கிளவுஸைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன்.

மறுநாள் டாக்டர் என்னை மட்டும் அறைக்குள் கூப்பிட்டார். இவரைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று குழாயிலும் அடைப்பு என்றார். இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற சக்தி ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும், இவருக்கு முப்பத்தைந்துதான் இருக்கிறது என்றார். "இன்னொரு அட்டாக் வந்தா இவர் தாங்க மாட்டார்மா. ஒரு மாசத்துக்குள்ள பைபாஸ் பண்ணிடுங்க. தள்ளிப்போடாதீங்க." பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எனக்கு இரண்டுமே நன்றாகப் புரிந்தது.

வெளியே வந்தேன். நர்ஸ் ஊசி போட்ட இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு அவர் என் முகத்தையே பார்த்தார்.

"இன்னாம்மே சொன்னாரு?"

"ரத்தக்கொழாயில கொஞ்சம் அடைப்பு கீதாம். ஒரு ஆபரேஷன் பண்ணிக்கினா நல்லதாம்."

"பண்ணலன்னா?"

"பண்ணிக்கினா நல்லதாம்" என்றேன் மறுபடியும்.

என் கையிலிருந்த ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். எட்டாவதோடு படிப்பை விட்டவர். முழுக்க இங்கிலீஷில் இருந்த அந்தத் தாளில் அவருக்குப் படிக்கத் தெரிந்தது ஓர் எண் மட்டும்தான். "இது இன்னா முப்பத்தஞ்சு?"

"ஆர்ட்டு எவ்ளோ வேலை செய்யிதுன்னு போட்டுகீறாங்க."

"முப்பத்தஞ்சா? அப்ப பாஸ்தான?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து வராத சிரிப்பு. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும், அதன் அப்பனுக்கும் முப்பத்தைந்து என்றால் பாஸ். முப்பத்து நான்கு என்றால் சிவப்பு மை, முப்பத்தைந்து என்றால் நீல மை. மகள் படித்த காலத்தில் அவள் கணக்குப் பேப்பரில் இவர் தேடிப் பார்த்ததும் அதை மட்டும்தான். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "ஆமாய்யா, பாஸ்தான்" என்றேன்.

என்னைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அளவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தலைமுடி அளவு கூடினாலும் சாமான் சிவப்புத் தொட்டிக்குத்தான் போகும். ஒரு தடவை மேனேஜரே வந்து, லாரி வாசலில் நிற்கிறது, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சினார். அளக்கிற வெர்னியரை அவர் கையில் கொடுத்து, நீங்களே அளந்து நீங்களே கையெழுத்துப் போடுங்கள் சார் என்றேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அப்படிப்பட்டவள் நான். கம்பெனியில்.

வீட்டில் வேறு. எங்கள் வீட்டுக்குள் இங்கிலீஷில் வரும் எதுவும் என் வழியாகத்தான் வரும். கரெண்ட் ஆபீஸ் நோட்டீஸ், பேங்க் மெசேஜ், பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதி அனுப்பியது எல்லாம் நான் படித்துச் சொல்ல வேண்டும். டீச்சர் 'கவனமே இல்லை' என்று எழுதியிருந்தால் 'இன்னும் நல்லாப் படிக்கலாமாம்' என்று படிப்பேன். அவருக்குக் கோபம் வந்தால் சோற்றுத் தட்டு சுவருக்குப் போய்வரும், அதனால் ஆரம்பித்த பழக்கம். பிறகு கோபத்துக்குப் பயந்துதான் என்றில்லாமல் நாக்கே தானாக அப்படித் திரும்பப் பழகிவிட்டது. மகளிடமும் அப்படித்தான் சொன்னேன். சின்ன அடைப்பு, நீ லீவு போடாதே என்றேன்.

ஆனால் அவர் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் பயப்படாமல் ஒத்துக்கொள்ள வேண்டும். பயந்தால் அந்தப் பயத்திலேயே இதயம் நின்றுவிடும் என்று நான் நினைத்தேன். அவரோ டிஸ்சார்ஜ் ஆகி வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே டீக்கடையில், யூனியன்காரர்களிடம், பக்கத்து அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் எல்லாம் சொல்லிவிட்டார்: "ஆர்ட்டு பாஸு மாமே. ஜஸ்ட் பாஸு." நான் ஆபரேஷன் பேச்சை எடுத்தால் ஒரே பதில்தான். "பாஸான புள்ளைய எதுக்கும்மே டுடோரியல்ல சேக்கணும்?"

இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. கத்தியைக் கண்டு பயமா, என்னை விட்டுப் போய்விடுவோம் என்ற பயமா, கம்பெனியில் இலகுவான வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்ற வீம்பா என்று நாளெல்லாம் யோசித்தேன். வேலை செய்யும்போதுகூட அளவை எழுதிவிட்டு எந்தச் சாமானுக்கு எழுதினேன் என்று மறந்துபோனேன். இதைப் படிக்கிறவர்களுக்கு இப்போதே காரணம் தெரிந்திருக்கும். எனக்கு அன்று சத்தியமாகத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் பெட்டி வந்தது. நைனா சும்மா டிவி பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, உடம்பை அலட்டாமல் மனசுக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று மகள் அனுப்பிவைத்திருந்தாள். அவளும் அவள் சிநேகிதிகளும் சனி, ஞாயிறில் இதைத்தான் ஆடுவார்களாம். தேங்காய் மூட்டை கனம். உள்ளே அட்டைகள், அட்டைகள், இன்னும் அட்டைகள். ஒரு கைப்பிடி பகடை. சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொம்மைகள். எப்படி ஆடுவது என்ற புத்தகம் மட்டும் நாலே பக்கம். அதிலும் பாதி, மொபைலில் எந்த ஆப்பை இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான். மீதியை அது சொல்லும் என்று போட்டிருந்தது.

"பொட்டி இவ்ளோ பெருசு, ஆனா வெளையாட்டு போன்ல கீதா? அப்ப பொட்டி எதுக்கு?" என்றார் இவர். நியாயமான கேள்வி. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அம்மா, போர்டுல எல்லாத்தையும் முன்னாடியே விரிச்சிட்டா என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்ல? நீங்க ஒரு கதவத் திறந்தாதான் உள்ள என்ன ரூம், யாரு இருக்காங்கன்னு ஆப் சொல்லும். அதுக்கேத்த அட்டையை எடுத்து வைக்கணும். கதையும் அதுவே சொல்லும். நீ படிச்சு நைனாக்கு சொல்லு."

படிக்க நான்தான் இருக்கிறேனே.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்து உட்கார்ந்தோம். இவர் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் ஓரத்துப் பிசிறைத் தடவினார். "பர் கீது பாரு. டை தேஞ்சி போச்சு, மாத்தாமயே அடிக்கிறானுங்க" என்று அச்சைக் குறை சொன்னார். கோடாலி பிடித்த ஒரு குள்ளனைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். நான் வில் வைத்திருந்த ஒரு பெண்ணை எடுத்தேன். பிறகு ஆப்பைத் திறந்து ஆரம்பம் என்று இருந்ததைத் தொட்டேன்.

கதை இதுதான். மலைக்கு அடியில் ஒரு பழைய சுரங்கம். உள்ளே மூன்று பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அவர்களை நாங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இதற்கு மேல் திரையில் இருந்தது, தண்ணீர் நொடிக்கு நொடி ஏறுகிறது, நின்று பார்க்க நேரமில்லை, தாமதித்தால் உள்ளே போன ஒருவரும் உயிரோடு திரும்ப மாட்டீர்கள் என்று. நான் இப்படிப் படித்தேன்:

"தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஏறிகினு வருதாம். பாத்து, பொறுமையா போவணுமாம்."

ஏன் அப்படிப் படித்தேன் என்று கேட்டால் என்ன சொல்வது? எதிரே உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் மாத்திரை போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாவு, உயிர் என்றெல்லாம் என் வாயில் வரவில்லை. அதற்கப்புறம் வந்ததையெல்லாம் அதே கையோடு சரிசெய்தேன். ஒரு கதவைத் திறந்தால் உள்ளே இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள். தூங்குகிறார்கள் என்று படித்தேன். ஓர் அரக்கன் உன் குடலை உருவுவேன் என்று கத்தினான். அவன் கோபமாக இருக்கிறானாம் என்றேன்.

ஆனால் எண்ணில் ஒன்றும் மாற்றவில்லை. பகடையில் எத்தனை வெற்றிக் குறி விழுந்தது என்று ஆப் கேட்கும். நாம் எண்ணிச் சொல்ல வேண்டும். அதற்குக் கண் கிடையாது. மூன்று என்றால் மூன்று, முப்பது என்றாலும் முப்பது, அப்படியே நம்பிக்கொள்ளும். மூன்று தடவை அளந்து எழுதிப் பழகிய எனக்கு அது பெரிய திகைப்பாக இருந்தது. இவ்வளவு நம்புகிறதை ஏமாற்றக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் பகடையைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அடிபட்டால் ரத்தத்துளி போட்ட வட்ட அட்டையை எடுத்துக் குள்ளனின் சீட்டில் வைப்பேன். இரண்டு என்றால் இரண்டு.

இவர் சொன்னபடியே பொறுமையாகப் போனார். அவர் வேலை செய்கிற விதமே அப்படி. ஒரு டை மாற்றினால் நாலு போல்ட்டையும் இரண்டு முறை முடுக்கிப் பார்ப்பவர். சுரங்கத்தில் ஓர் அறையையும் விடவில்லை. ஒவ்வொரு பெட்டியையும் திறந்தார், ஒவ்வொரு மூலையிலும் விளக்குப் பிடித்தார், தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம் என்று சுற்றிக்கொண்டு போனார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் திரையின் ஓரத்தில் தண்ணீர் மட்டம் காட்டும் நீலக்கோடு ஒரு படி ஏறியது. கடைசிக் கதவுக்கு நாலு கட்டம் இருக்கும்போது திரை முழுக்க நீலமாகி, தோற்றுவிட்டீர்கள் என்றது.

"இன்னாம்மே இது? யாரும் நம்மள அடிக்கக்கூட இல்லியே!"

"தெரியலய்யா. தாயம் சரியா உழல போல."

அடுத்த ஞாயிறு இரண்டு தபா ஆடினோம். அதே சுரங்கம், அதே கதை. இரண்டிலும் மூழ்கினோம். இப்போது அவருக்குக் கதை மனப்பாடம். நான் வாயைத் திறப்பதற்குள் "பாத்து பொறுமையா போவணும், அதான? தெரியும், தெரியும்" என்பார். இரண்டாம் தடவை மூழ்கியதும் மொபைலை முறைத்துப் பார்த்தார்.

"பொறுமையா போன்னும் சொல்லுது, பொறுமையா போனா முழுவவும் வெக்கிது. டபாய்க்குதும்மே இது. நீ நம்பரு கரெக்டா போடறியா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நான் நம்பர்ல தப்பு பண்றவளாய்யா? இருவத்திரெண்டு வருசமா ஒருத்தன் என்னைக் கேட்டது கெடையாது" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அடுப்படியில் ஒரு வேலையும் இல்லை. சும்மா நின்றேன். ஜன்னலுக்கு வெளியே வெளிவட்டச் சாலைக்குப் போகிற லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தன. பதினேழு நாள் ஆகிவிட்டது. மாதத்தில் இன்னும் பதின்மூன்று நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து தேதி கேட்டு இரண்டு முறை போன் வந்துவிட்டது. இரண்டு முறையும் ஷிஃப்ட் மாறுகிறது, சொல்கிறேன் என்றேன்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று கிட்டத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் குள்ளனின் கோடாலி ஓரத்தில் இருந்த பிசிறை நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அட்டாக் வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு உற்சாகமாக எதையும் செய்து நான் பார்க்கவில்லை. "அடுத்த வாரம் உடமாட்டேன் பாரு. அந்த மூணு பேரையும் இட்டாந்துடறேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன. ஆபரேஷனுக்கு மட்டும் இந்த ஆள் ஏன் இப்படி அடம்பிடிக்கிறார், பொம்மைக்காக உயிரைக் கொடுக்கிறாரே என்று ஆத்திரமும் வந்தது. சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நைனா ஆபரேஷன் வேண்டாம் என்கிறார், நீயாவது வந்து பேசிப் பார் என்று மகளை வரச் சொன்னேன். சனிக்கிழமை மதியம் நசரத்பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். வந்ததும் வராததுமாக அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஏன் நைனா இப்படிப் பண்றீங்க என்று ஆரம்பித்தாள். அவர் டுடோரியல் ஜோக்கைச் சொன்னார். அவளும் சிரித்துவிட்டாள். நல்ல பெண்ணை வரவழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் மூன்று பேரும் மேசைக்கு உட்கார்ந்தோம். இவள் ஒரு பொம்மையை எடுத்துக்கொண்டாள். மொபைலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ ஆடும்மா, நான் படிக்கிறேன்" என்றாள். மொபைலைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். ஏன் என்று யோசிப்பதற்குள் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

"சுரங்கத்துக்குள்ள தண்ணி நொடிக்கு நொடி ஏறுது. நின்னு பாக்கல்லாம் நேரம் இல்ல. லேட் பண்ணா உள்ள போன ஒருத்தரும் உயிரோட திரும்ப முடியாது."

இவர் பகடையை உருட்டத் தூக்கிய கையை அப்படியே வைத்திருந்தார். "இது புதுக் கதையாம்மா?"

"இல்ல நைனா. நீங்க ஆடின அதே கதைதான். மூணு வாட்டி தோத்ததுன்னு மேலயே போட்டிருக்கு பாருங்க."

"இன்னொரு தபா படி."

அவள் இன்னொரு தடவை படித்தாள். ஒரு சொல் மாறவில்லை. இவர் என்னைப் பார்த்தார். "அவ கொஞ்சம் தூக்கலா படிக்கறாய்யா" என்றேன். "இல்லம்மா, இருக்கறதத்தான் படிக்கறேன்" என்று அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

அதற்கப்புறம் இவர் ஆடிய ஆட்டமே வேறு. ஒரு பெட்டியைத் திறக்கவில்லை. ஓர் அறையில் நிற்கவில்லை. அடிபட்டாலும் பரவாயில்லை என்று குள்ளனை நேராக நடத்திக்கொண்டு போனார். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நீலக்கோடு ஏற இன்னும் இரண்டு படி மிச்சம் இருந்தது. மகள் கைதட்டினாள். திரையில் ஏதோ வாழ்த்துச் சொல்லி மேளம்கூட அடித்தது. இவர் சிரிக்கவில்லை. மேசையில் விரித்திருந்த அட்டைகளில் ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இந்த ரூம்ல ரெண்டு பேரு தூங்கிகினு இருந்தாங்களே. அவங்க இன்னா ஆனாங்க?"

"தூங்கல நைனா. அது பொணம். முன்னாடி போனவங்க, தண்ணில மாட்டிச் செத்துட்டாங்க."

"ஓ" என்றார்.

எழுந்து பீரோவைத் திறந்தார். துணிகளுக்கு அடியில் நான் வைத்திருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துக்கொண்டு வந்து, அட்டைகளுக்கு மேலேயே வைத்தார். ஒரு பொம்மை சாய்ந்து கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. மகள் கையை நீட்டினாள். அவள் கையை மெல்லத் தள்ளிவிட்டார்.

"நீ இரு. உங்கம்மா படிக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "இதுல இன்னா எழுதிகீதோ அத்த மட்டும் படி. பாத்து, பொறுமையா, நல்லதுன்னு நடுவுல எதுனா சேத்தே, அவ்ளோதான்."

படித்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் சொன்னேன். மூன்று குழாயிலும் அடைப்பு. ஒன்றில் முக்கால்வாசிக்கு மேல். முப்பத்தைந்து வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"இது எவ்ளோ இருக்கணும்?"

"அம்பத்தஞ்சுக்கு மேல."

"அப்ப பாஸ் இல்ல."

"இல்லய்யா."

"நீதான பாஸுன்ன."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. பத்து விரலையும் விரித்துச் சொல்லிக்கொடுத்த மாதிரி அவ்வளவு தெளிவாகப் புரிந்தது. அவருக்குப் பிடிவாதம் என்று ஒன்று இருக்கவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டுத்தான் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவசரம் இல்லை என்று சொன்னவளே நான்தான். அப்புறம் அவர் அவசரப்படவில்லையே என்று இருபத்து நான்கு நாளாகப் பொருமிக்கொண்டிருந்தவளும் நான்தான். என்மேல் எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி முடியாது.

"டாக்டரு வாயால இன்னா சொன்னாரு?"

"இன்னொரு அட்டாக் வந்தா தாங்காதாம். ஒரு மாசத்துக்குள்ள பண்ணிடணுமாம்." நாள் கணக்கையும் நானே சொன்னேன். "இன்னிக்கோட இருவத்தி நாலு நாள் ஆச்சு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் தட்டு பறக்கும் என்று காத்திருந்தேன். பறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உள்ளங்கையால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான். மகளிடம், "ஆஸ்பத்திரிக்கு இப்பவே போனப் போடு. நாளைக்கே வந்து சேந்துக்கறேன்னு சொல்லு. இன்னா சொல்றாங்களோ அத்த எனக்கு நீயே சொல்லு. இவளாண்ட போன குடுக்காத" என்றார்.

அவள் ஃபைலையும் போனையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் எடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் ரிப்போர்ட்டில் இருப்பதை வரி விடாமல் சொல்வது உள்ளே கேட்டது. நான் அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் ஒரே அட்டையை இரண்டு மூன்று இடத்தில் வைத்து எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். அப்புறம் என் கையிலிருந்ததை வாங்கிப் பெட்டிக்குள் போட்டார்.

"அப்ப இத்தினி நாளா இத்த நீ ஒண்டியாவா வெச்சிகினு இருந்த?"

ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "சொன்னா நீ பயந்துடுவன்னு பயமா இருந்துச்சுய்யா."

"பயமாத்தான் கீது" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லிகீலாம்ல? ரெண்டு பேருமா பயந்துகினு இருந்துருப்போமே."